/வார் பிரிவில் 12 ஜிபி காலி, ஆனாலும் இடமில்லை என்கிறது: டெபியன் 12

கிட்டங்கி_கணக்கு எழுதியது:

வணக்கம். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடையில் டெர்மினலைத் திறந்து பார்த்த ஒரே ஆள் நான்தான் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய டெஸ்க்டாப் சர்வராக ஓடுகிறது. டெபியன் 12 என்கிற லினக்ஸ், அப்பாச்சி வெப் சர்வர், பிஎச்பி நிரல், மரியாடிபி தரவுத்தளம். சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கமிருந்து இறங்குகிற காயை எடை போட்டு, ரகம் பிரித்து, எந்தத் தோட்டத்துக்கு எத்தனை கிலோ என்று அதில்தான் ஏற்றுகிறோம். ஸ்பைசஸ் போர்டு ஏலத்துக்குப் போகிற சரக்கின் பட்டியலும் அதிலிருந்துதான் அச்சாகிறது. போடியிலும் புத்தடியிலும் ஏலம் நடக்கிற நாளில் அது நின்றால் முதலாளி என் மேசைக்கே வந்து நின்றுவிடுவார். பேச மாட்டார், நிற்பார். அதுதான் கஷ்டம்.

இப்போது சிக்கல் என்னவென்றால், காலையில் உள்ளே நுழைந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள், பில் போடுகிறார்கள், சேமிக்கிறது. புதிதாக யாராவது லாகின் செய்தால் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு மறுபடி லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. பிடிஎஃப் பட்டியல் வரவில்லை. அப்பாச்சியின் எரர் லாகைப் பார்த்தால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வரிசையாக இருக்கிறது.

சரி, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று 'டிஎஃப் -எச்' போட்டேன். லாக்குகளும் புரோகிராம்களின் தரவும் சேர்கிற /வார் தனிப் பிரிவு, 20 ஜிபி. அதில் 38 சதவீதம்தான் பயன்பாடு. 12 ஜிபி காலியாகக் கிடக்கிறது! இருந்தாலும் பழைய லாக்குகளை அழித்து, மென்பொருள் நிறுவலுக்காக இறங்கிக் கிடந்த ஆப்ட் கேஷையும் துடைத்தேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை, மறுபடி அதே கதை. ரீஸ்டார்ட் செய்தும் பலன் இல்லை.

போடிமெட்டுப் பக்கம் மழை பிடித்ததிலிருந்து கரண்ட் போய்ப் போய் வருகிறது. யூபிஎஸ் இருக்கிறது என்று பெயர்தான். அதனால் ஹார்ட் டிஸ்க் போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. புதிய டிஸ்க் வாங்கச் சொல்லலாமா?

செங்கோட்டை_டக்ஸ்:

அண்ணே, அவசரப்பட்டு டிஸ்க் வாங்காதீர்கள். இது பெரும்பாலும் லாக் கோப்புதான். ஏதோ ஒரு புரோகிராம் பெரிய லாகைத் திறந்து வைத்திருக்கும்போதே நீங்கள் அதை அழித்தால், பெயர் போய்விடும், இடம் திரும்பாது. அந்த புரோகிராம் மூடினால்தான் விடுதலை. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' போட்டால் அப்படி ஒளிந்திருப்பவை தெரியும். கூடவே 'ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்' பாருங்கள். ஜர்னல், அதாவது சிஸ்டத்தின் சொந்த லாக், கொழுத்திருந்தால் '--வேக்யூம்-சைஸ்=200எம்' கொடுத்து இளைக்க வையுங்கள்.

(கட்டளைகளை ஃபோனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

கிட்டங்கி_கணக்கு:

பார்த்துவிட்டேன் தம்பி. ஒளிந்திருக்கும் கோப்பு எதுவும் பெரிதாக இல்லை. ஜர்னல் 90 எம்பிதான். ஒரு விசித்திரம் மட்டும் கண்ணில் பட்டது. /வாரில் ஏற்கனவே இருக்கிற கோப்பில் 'எக்கோ' செய்து ஒரு வரி சேர்த்தால் சேர்கிறது. 'டச்' போட்டுப் புதிதாக ஒரு வெறும் கோப்பை உண்டாக்கப் பார்த்தால் இடமில்லை என்கிறது. வெறும் கோப்புக்கு எதற்கு இடம்?

பீர்மேடு_வாத்தியார்:

தம்பி, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. 'டிஎஃப் -ஐ' என்று போடுங்கள், எச்சுக்குப் பதில் ஐ.

ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, எழுதுவதற்கான கட்டங்கள். இன்னொன்று ஐநோடு. ஒவ்வொரு கோப்புக்கும் யார் உரிமையாளர், என்ன அனுமதி, தரவு எந்தக் கட்டத்தில் என்று குறித்து வைக்கிற பதிவு அது. கோப்பு காலியாக இருந்தாலும் ஒரு ஐநோடு போய்விடும். உங்கள் தொழிலிலேயே சொல்வதானால், கிட்டங்கியில் மூட்டை அடுக்க இடம் ஏராளம், ஆனால் மூட்டையில் ஒட்டுகிற லாட் நம்பர் சீட்டு தீர்ந்துவிட்டது. சீட்டு இல்லாமல் மூட்டையை உள்ளே எடுக்க முடியாது. இரண்டில் எது தீர்ந்தாலும் கெர்னல் சொல்வது ஒரே பிழைதான், எண் 28. அதனால்தான் ஆளைக் குழப்புகிறது.

ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்யும்போதே ஐநோடு எண்ணிக்கை முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று. 20 ஜிபிக்கு 13,10,720 வரும். உங்கள் திரையில் அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும், எதிரே 100 சதவீதமும் இருக்கும், பாருங்கள்.

அப்புறம் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகியாக) நுழைந்து 'டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் /வார்', அதை 'சார்ட் -என்' வழியாக அனுப்பி, 'டெயில்' போடுங்கள். எந்த அடைவில் குவிந்திருக்கிறது என்று கடைசி வரிகளில் தெரிந்துவிடும். பழைய டிஸ்க் என்றால் நேரம் எடுக்கும், டீ குடித்துவிட்டு வரலாம்.

வாளையார்_வடக்கு:

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் எக்ஸ்எஃப்எஸ் என்கிற வேறு கோப்பு முறைக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலியே கிடையாது. அதில் ஐநோடுகள் தேவைக்கு ஏற்ப உருவாகும். பிடிஆர்எஃப்எஸ் என்று இன்னொரு கோப்பு முறை, அதில் 'டிஎஃப் -ஐ' போட்டால் சுழியம் என்றுதான் காட்டும், அதற்கு இந்தக் கணக்கே இல்லை.

பீர்மேடு_வாத்தியார்:

மாறலாம், நல்ல கோப்பு முறைதான். ஆனால் எவனோ ஓயாமல் கோப்பைக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். அவனைப் பிடிக்காமல் வீட்டைப் பெரிதாக்கினால் குப்பையும் பெரிதாகும், அவ்வளவுதான். முதலில் ஆள் யார் என்று பார்ப்போம்.

கிட்டங்கி_கணக்கு:

சார், கும்பிடு! நீங்கள் சொன்ன எண் அச்சு அசலாக இருக்கிறது. காலி: 0. பயன்பாடு: 100 சதவீதம்.

பில்லிங் மென்பொருளின் அடைவுக்குள் 'செஷன்ஸ்' என்று ஒன்று. அதில் மட்டும் 12 லட்சத்து 90 ஆயிரத்துச் சொச்சம். 'எல்எஸ்' போட்டேன், திரை உறைந்துவிட்டது. கன்ட்ரோல் சி போட்டு வெளியே வந்தேன். 'எல்எஸ் -எல்டி' என்று அடைவை மட்டும் பார்த்தால் அதன் அளவே 70 எம்பி பக்கம் காட்டுகிறது, மற்ற அடைவுகள் 4096 என்று இருக்கும்போது.

உள்ளே எட்டிப் பார்த்தவரை எல்லாமே 'செஸ்' என்று தொடங்குகிற பெயர்கள், அளவு 0. அத்தனையையும் 'ஆர்எம் *' போட்டு அழித்துவிடலாமா? முதலாளி இன்னும் நிற்கிறார்.

செங்கோட்டை_டக்ஸ்:

'ஆர்எம் *' வேலைக்காகாது அண்ணே. 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று திட்டும். நட்சத்திரத்தை விரித்துப் பன்னிரண்டு லட்சம் பெயரை ஒரே கட்டளையில் கொடுக்கப் பார்க்கும், கெர்னல் ஏற்காது. ரூட்டாக இல்லாமல், ஒரு கட்டளைக்கு மட்டும் ரூட் அனுமதி வாங்கித் தருகிற சுடோ போட்டால் இன்னொரு வம்பும் உண்டு. நட்சத்திரத்தை விரிப்பது உங்கள் ஷெல்தான், சுடோ அல்ல. அந்த அடைவைப் படிக்க உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும். 'ஃபைண்ட்' போட்டு அழியுங்கள்.

பீர்மேடு_வாத்தியார்:

ஃபைண்டேதான். ஆனால் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள், இப்போது உள்ளே இருக்கிற ஆட்களும் வெளியே விழுந்துவிடுவார்கள். செஷன் கோப்பு என்பது வந்திருப்பவர் யார் என்று பிஎச்பி நினைவு வைத்துக்கொள்கிற சீட்டு. லாகின் ஆனவரின் செஷன் கோப்பில் ஏதாவது எழுதியிருக்கும். வெறும் கோப்பு என்றால் பக்கத்தைப் பார்த்துவிட்டு லாகின் ஆகாமல் போனவருடையது. எனவே வெறும் கோப்பை மட்டும் குறி வையுங்கள்:

ஃபைண்ட், அடைவின் முழுப் பாதை, -டைப் எஃப், -நேம் 'செஸ்_*', -எம்ப்டி, -எம்மின் +60, -டெலிட்

இதே வரிசை முக்கியம். -டெலிட்டை முன்னால் கொண்டுபோய் வைத்தால் நிபந்தனையைப் பார்க்காமலே அழித்துவிடும். முதலில் -டெலிட் இல்லாமல் ஓட்டி, 'ஹெட்' போட்டு நாலு வரி பார்த்துக்கொள்ளுங்கள். கட்டளைக்கு முன்னால் 'அயோநைஸ் -சி3' சேர்த்தால், அந்த டிஸ்க்கின் ஷெட்யூலர் அதை மதிக்கிற வகையாக இருந்தால், பில் போடுகிறவர்களுக்குத் தொந்தரவு குறையும். முழுவதும் முடியக் காத்திருக்க வேண்டாம். சில ஆயிரம் போனதுமே லாகின் திறந்துவிடும், முதலாளியும் உட்காருவார்.

அது ஓடட்டும். இதற்குள் எனக்கு ஒன்று சொல்லுங்கள். இந்தச் செஷன்கள் எத்தனை வினாடிக்கு ஒன்று பிறக்கின்றன? ஒரு பத்துக் கோப்பின் நேரத்தைப் பார்த்தால் போதும். அதே நேரத்தில் அப்பாச்சியின் ஆக்சஸ் லாகில் எந்த ஐபி முகவரி வருகிறது?

கிட்டங்கி_கணக்கு:

லாகின் திறந்துவிட்டது சார். முதலாளி உள்ளே போய்விட்டார். இன்னும் அழிந்துகொண்டே இருக்கிறது, டிஸ்க் விளக்கு அணையவே இல்லை.

ஐந்து வினாடிக்கு ஒன்று, கடிகாரம் மாதிரி. முகவரி உள் நெட்வொர்க்தான். தேடிப் போனால் கிட்டங்கிச் சுவரில் இருக்கிற டிவி! அதன் பின்னால் ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். எந்த லாட் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று ஜீப்பில் வருகிற தோட்டக்காரர்கள் பார்ப்பதற்காக வெளியாள் ஒருவர் மாட்டிக் கொடுத்தது. உள்ளே ஒரு ஸ்கிரிப்ட், 'கர்ல்' என்கிற கட்டளை மூலம் பக்கத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ராத்திரியும் யாரும் அணைப்பதில்லை.

பீர்மேடு_வாத்தியார்:

பிடித்துவிட்டீர்கள். கர்ல், நாம் சொல்லாதவரை குக்கியை, அதாவது சர்வர் கொடுக்கிற அடையாளச் சீட்டை, வைத்துக்கொள்ளாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் பிஎச்பிக்கு அது புது விருந்தாளி, ஆளுக்கு ஒரு செஷன் கோப்பு. மணிக்கு 720. நீங்கள் லாக்குகளை அழித்ததும் சில நூறு ஐநோடு கிடைத்தது, ஒரு மணி நேரத்துக்குள் டிவி அதைத் தின்றுவிட்டது. நாளைக்கு 17,280. பதின்மூன்று லட்சம் தீர இரண்டரை மாதம். அந்த டிவி வந்து அவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டுமே?

கிட்டங்கி_கணக்கு:

ஆமாம் சார், மழைக்கு முன்னால் மாட்டியது. ஆனால் பழைய செஷனைத் துடைக்கிற வேலையை பிஎச்பியே பார்க்கும் என்று எங்கோ படித்தேனே?

பீர்மேடு_வாத்தியார்:

மற்ற இடங்களில் பார்க்கும். டெபியன் குடும்பத்தில் ஏற்பாடு வேறு. செஷன்.ஜிசி_ப்ராபபிலிட்டி 0 என்று வைத்து, பிஎச்பிக்குள் நடக்கிற துடைப்பை நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு 'செஷன்கிளீன்' என்று ஒரு ஸ்கிரிப்ட் அரை மணிக்கு ஒருமுறை வந்து, 1440 வினாடிக்கு மேல் தொடாத கோப்புகளை அள்ளிக்கொண்டு போகும். அது பார்ப்பது பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் சொன்ன இடத்தை மட்டும். வழக்கமாக /வார்/லிப்/பிஎச்பி/செஷன்ஸ். உங்கள் மென்பொருளை எழுதியவர் நிரலுக்குள்ளேயே 'இனி_செட்' போட்டு வேறு அடைவைக் காட்டியிருப்பார். அந்தத் தெருவுக்கு யாரும் வருவதில்லை.

இந்தப் பக்கம், கேரளத்தில், பள்ளிக்கூடங்களில் 'ஐடி அட் ஸ்கூல்' என்கிற அரசுத் திட்டத்தின் காலத்திலிருந்தே லினக்ஸ்தான், இப்போது உபுண்டு அடிப்படையிலான கைட் லினக்ஸ். எங்கள் லேபில் ஒரு வினாத்தாள் மென்பொருளும் இதே வேலையைத்தான் செய்தது, அதனால் கை பழகிவிட்டது.

டிவிக்கான பக்கத்தில் 'செஷன்_ஸ்டார்ட்' தேவையே இல்லை, அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். எழுதியவர் கிடைக்காவிட்டால் ஸ்கிரிப்டில் கர்லுக்கு குக்கி ஜாடி கொடுங்கள், '-பி' ஒரு கோப்பு, '-சி' அதே கோப்பு. காவலுக்கு /ஈடிசி/டிஎம்பிஃபைல்ஸ்.டி அடைவில் ஒரு வரி: டி, அடைவின் பாதை, 0700, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா இரண்டு முறை, 1டி. ஒரு நாளுக்கு மேல் பழையதை சிஸ்டம்டி தினமும் துடைத்துவிடும்.

கிட்டங்கி_கணக்கு:

எழுதியவர் ஃபோனை எடுக்கவில்லை. குக்கி ஜாடி போட்டேன், புதுக் கோப்பு பிறப்பது நின்றுவிட்டது. டிஎம்பிஃபைல்ஸ் வரியும் போட்டாயிற்று. இப்போது ஐநோடு பயன்பாடு 2 சதவீதம். ஆனால் அந்த அடைவின் அளவு இன்னும் 70 எம்பி என்றே காட்டுகிறதே?

பீர்மேடு_வாத்தியார்:

ஈஎக்ஸ்டி4இல் அடைவு வீங்கினால் வீங்கியதுதான், கோப்பை அழித்தாலும் சுருங்காது. அதில் 'எல்எஸ்' போட்டால் மந்தமாகவே இருக்கும். கடை மூடிய பிறகு அப்பாச்சியை நிறுத்தி, அடைவின் பெயரை மாற்றி, அதே உரிமையாளர், அதே அனுமதியோடு புதிதாக ஒன்று உண்டாக்கிவிட்டுப் பழையதை அழியுங்கள். ஏலம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

வாளையார்_வடக்கு:

யூபிஎஸ் பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்கள் அண்ணே. இந்தச் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் மரியாடிபியை மழைக்காலத்தில் அப்படி விடக்கூடாது.

கிட்டங்கி_கணக்கு:

டிஸ்க்குக்குக் கேட்டிருந்த பணத்தை பேட்டரிக்குத் திருப்பிவிட்டேன். முதலாளி சரி என்றார். தலைப்பில் 'தீர்ந்தது' என்று போட்டுவிடுகிறேன்.