ஆய்வு, கைக்குழந்தை, போராட்டக் குழு: எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டுமா?

கல்குளத்துக்காரி:
நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் விலங்கியலில் முழுநேர ஆய்வு செய்கிறேன். பதிவு செய்து நான்காவது வருடம். மூத்தவள் யுகேஜி. சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. கணவர் கத்தாரில். கிள்ளியூர் வட்டக் கடற்கரையில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்ததிலிருந்து அதை எதிர்க்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். சுற்றுச்சூழல் அறிக்கையை வாசித்து, கடல் உயிரினங்கள் பற்றிய பகுதியை ஊர்க்காரர்களுக்குப் புரிகிற தமிழில் சொல்வதுதான் அங்கே என் வேலை.

சென்ற மாதம் என் நெறியாளர், "கூட்டம், போராட்டம் எல்லாவற்றையும் இரண்டு வருடம் மூடி வை" என்றார். அதே வாரம் குழுவில் ஒரு தோழர், "கைக்குழந்தை இருக்கு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு பேச்சாளர் பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுத்துட்டோம்" என்றார். இரண்டு பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். எரிச்சலே அதில்தான். மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோகிறவர்கள் இங்கே யாராவது உண்டா?

பார்வதிபுரம் ஓய்வூதியர்:
விடத்தான் வேண்டும் மகளே. நெறியாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபப்படாதே. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 பிஎச்டி விதியை எடுத்துப் பார். ஆய்வை முடிக்க ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. ஆக, பத்து வருடம் வரை இழுக்கலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள். பார்க்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை இரண்டும் மூன்றும் ஐந்து வருடத்தோடு முடிந்தது. பணம் நின்றதும் ஏதாவது சுயநிதிக் கல்லூரியில் சேர்வாய், தினமும் ஐந்து வகுப்பு எடுப்பாய், வீடு வந்தால் பிள்ளை. ஆய்வேடு பரணில் ஏறிவிடும். அப்படி ஏறியவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெண்களுடையவை.

இன்னொன்று, வழக்கு. கூடங்குளம் போராட்டத்தில் பெயர் சேர்க்கப்பட்டவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அலைந்த கதை இந்த மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. அரசு வேலைக்குத் தேர்வாகி, காவல்துறைச் சரிபார்ப்பில் வந்து நின்றால் என்ன செய்வாய்? நேசமணிகூட முதலில் வக்கீல் தொழிலில் காலூன்றிவிட்டுத்தான் திருவிதாங்கூர் தமிழர் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார்.

குளச்சல் காற்று:
சார், இரண்டு வருடம் கழித்து அரசியல் செய்யலாம் என்கிறீர்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டம் பற்றிய மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்புக் கொடுத்தால் போதும். முப்பது நாள்! அதற்குள் முழு அறிக்கையையும் ஒருவர் வாசித்து முடிக்க வேண்டும். அதுவோ ஆங்கிலத்தில். நமக்குத் தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். அந்த ஆங்கில அறிக்கையை வாசிக்கத் தெரிந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யாரைக் கூப்பிடுவது?

எங்கள் கடற்கரையில் இதை யாரும் "அரசியல் ஈடுபாடு" என்று சொல்வதும் இல்லை. 2017 ஓகி புயலுக்குப் பிறகு, கடலுக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை என்று டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அன்றைக்குக் கைக்குழந்தையோடு வந்த பெண்களிடம் போய் "பிள்ளை வளர்ந்த பிறகு வாருங்கள்" என்று யாராவது சொல்லியிருக்க முடியுமா?

பார்வதிபுரம் ஓய்வூதியர்:
அது சாவு விழுந்த வீடு தம்பி. அதையும் வாராவாரம் நடக்கிற கமிட்டிக் கூட்டத்தையும் ஒன்றாக்காதே. அந்தப் பெண் கேட்பது வாராவாரத்தைப் பற்றி.

குழித்துறைக்காரன்:
எனக்கு இந்தப் புலம்பலே புரியவில்லை. நானும் உதவிப் பேராசிரியர். ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆசிரியர் சங்கத்திலும் இருக்கிறேன், கட்சிக்காரர்களோடும் பழக்கம். காலை நாலரைக்கு எழுந்தால் இரண்டு மணி நேரம் எழுதலாம். மாலை சங்கம், ஞாயிறு இயக்கம். திட்டமிட்டால் நேரம் கிடைக்கும். போன வருடம் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன.

கல்குளத்துக்காரி:
அண்ணா, ஒரே ஒரு கேள்வி. ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள் போடுகிற டிபிடி ஊசியை மூத்த பிள்ளைக்குப் போட்டாயிற்றா?

குழித்துறைக்காரன்:
அதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்.

குளச்சல் காற்று:
வீடு எப்படிம்மா ஊசி போடும்? சுவருக்குக் கை இருக்கா?

தோவாளை மாமி:
நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது. என் மகள் பிஎச்டி முடித்தாள், இப்போது வேலையில் இருக்கிறாள், மாதர் சங்கத்திலும் இருக்கிறாள். எல்லாரும் அவளைப் பாராட்டுகிறார்கள், மேடையில் துண்டு போடுகிறார்கள். அவள் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்தது நான். விடியுமுன் சந்தைக்குப் பூ கொடுத்துவிட்டு வந்து, ஒன்றைக் குளிப்பாட்டி வேனில் ஏற்றி, இன்னொன்றை மடியில் போட்டுக்கொண்டு சரம் கட்டுவேன். முகூர்த்த நாளில் ஆர்டரை விட முடியாது, பிள்ளையையும் விட முடியாது. டாக்டர் இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறது என்கிறார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் எல்லாரும் ஆய்வா, பிள்ளையா, அரசியலா என்று மூன்றை எண்ணுகிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த மூன்றையும் தூக்கினது நாலாவதாக ஒருத்தி. அவளுக்குச் சம்பளமும் இல்லை, துண்டும் இல்லை. அந்தப் பிள்ளை நல்லாப் படிக்கட்டும், போராடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போ என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பார்வதிபுரம் ஓய்வூதியர்:
மாமி சொல்வதைத்தான் நான் வேறு விதமாகச் சொன்னேன். ஏதோ ஒன்றைக் குறைத்தால்தான் வீட்டில் இன்னொருவருடைய முதுகு தப்பும்.

கல்குளத்துக்காரி:
இல்லை சார், மாமி அதைச் சொல்லவில்லை. நீங்கள் என்னைக் குறைக்கச் சொல்கிறீர்கள். மாமி, இந்தக் கணக்கில் யார் பெயர் எழுதப்படவில்லை என்று கேட்கிறார். நீங்கள் சொன்ன திருவிதாங்கூர் தமிழர் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களை ஒவ்வொரு வருடமும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியது யார் என்று எந்தத் தூணிலும் எழுதி நான் பார்த்ததில்லை. நேசமணிக்குக் காலூன்ற நேரம் இருந்தது என்றீர்களே, அந்த நேரத்தையும் யாரோ கொடுத்திருப்பார்கள்தானே.

சரி, என் பிரச்சினைக்கு வருகிறேன். குழுக்கூட்டம் மாலை ஆறரைக்கு, நாகர்கோவிலில். முடிய ஒன்பது ஆகும். பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தால் சின்னவன் அழுது தூங்கியிருப்பான். கிராம சபையாவது பகலில் நடக்கிறதே என்று பார்த்தால் வருடத்தில் ஆறில் நாலு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாலும் பள்ளி விடுமுறை நாள். இரண்டு பிள்ளைகளும் என்னோடு. அங்கன்வாடிக்கு அனுப்பலாம் என்றால் சின்னவனுக்கு வயது போதாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்திலேயே வந்தது. ஆய்வு மாணவி எந்த ஊழியர் கணக்கிலும் வரமாட்டாள்.

குளச்சல் காற்று:
கூட்டத்தை மாலை ஆறரைக்கு வைத்தது யார்? ஆண்கள். வேலை முடித்து, டீ குடித்து, வருகிற நேரம் அது. எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழு மதியம் இரண்டு மணிக்குக் கூடி மூன்றரைக்குள் கலைகிறது, ஸ்கூல் வேன் வருமுன். கணக்கு, கடன், சண்டை எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். போராட்டக் குழு மட்டும் இரண்டரை மணி நேரம் பேசுவது ஏன்? பாதிப் பேச்சு போன கூட்டத்தில் பேசினதுதான்.

குழித்துறைக்காரன்:
தட்டிக்கேட்டது சரிதான், ஊசி விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல விடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிற ஆண், பெண் இரண்டு பேருமே வர முடியாது. கூலி வேலை செய்பவர் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். எல்லோருக்கும் ஒத்துவருகிற நேரம் என்று ஒன்று கிடையாது. அப்புறம், தந்தைக்கு விடுப்பு என்று தனியார் துறையில் சட்டமே இல்லை. ஒன்றிய அரசு ஊழியருக்குப் பதினைந்து நாள். நான் பிள்ளையைப் பார்க்கிறேன் என்று லீவு கேட்டால் துறையில் சிரிப்பார்கள்.

கல்குளத்துக்காரி:
சிரிக்கட்டும். என்னைப் பார்த்துத் தினமும் சிரிக்கிறார்கள்.

பார்வதிபுரம் ஓய்வூதியர்:
நடைமுறைக்கு வருவோம். கருத்துக்கேட்புக்கு நேரில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம், அதையும் பதிவு செய்தாக வேண்டும். உன் ஆய்வுத் தலைப்பு கடல் உயிரினம் என்றால், ஆட்சேபத்துக்கு எழுதுகிற பக்கங்கள் ஆய்வேட்டுக்கும் உதவும். மேடையை விடு, பேனாவை விடாதே. இதற்கு மேல் நான் இறங்கி வரமாட்டேன்.

குளச்சல் காற்று:
எழுதிக் கொடுத்தால் கோப்பில் கிடக்கும். ஐநூறு பேர் நடுவில் ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் எழுந்து, பக்கம் எண் சொல்லி, இந்த இடத்தில் அறிக்கை தப்பு என்று சொன்னால் கலெக்டர் தலை நிமிர்ந்து பார்ப்பார். இரண்டும் ஒன்றல்ல சார்.

கல்குளத்துக்காரி:
ஆட்சேபத்தை எழுதத் தொடங்கிவிட்டேன் சார், அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் பட்டியலில் என் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் குழுவில் கேட்கப்போகிறேன். கூட்டம் மாதத்தில் ஒன்றாவது சனிக்கிழமை பகலில் இருக்க வேண்டும், அங்கேயே ஒரு பாய் விரித்து, பிள்ளைகளை முறை வைத்து இரண்டு பேர் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் ஆணாக இருக்க வேண்டும். குழித்துறை அண்ணா, முதல் முறை உங்களுடையது.

குழித்துறைக்காரன்:
சனிக்கிழமை எனக்குச் சிறப்பு வகுப்பு உண்டு... பார்க்கிறேன்.

தோவாளை மாமி:
பார்க்கிறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம், என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்வார். அந்தக் கூட்டம் எங்கே என்று போடு மக்ளே. முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன். பிள்ளை பார்க்க இல்லை, சொல்லிவிட்டேன். அந்த மணல் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் கேட்க வேண்டும்.