இரட்சணியத் தலைச்சீரா அணிந்தவளுக்கு மாத்திரை எதற்கு?

நாசரேத்பேரன் (வியாழன், இரவு 10:40)

பெரியோர்களே, சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்பதால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் பெரியப்பா மகளுக்கு இருமுனை மனநிலைக் கோளாறு. மூன்று ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறாள். நன்றாக இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள். சென்ற ஞாயிறு அவள் போகும் சபையில் எபேசியர் 6:17 பிரசங்கம். "இரட்சணியமென்னும் தலைச்சீரா" என்பது சிந்தையைக் காக்கும் தலைக்கவசமாம். இரட்சிக்கப்பட்டவளின் தலைக்குள் சத்துருவாகிய பிசாசு நுழைய முடியாதாம். நுழைந்திருந்தால் சீரா கழன்றுவிட்டது என்று அர்த்தமாம். ஆராதனை முடிந்ததும் போதகர் அவளைத் தனியே அழைத்து, 21 நாள் உபவாசம் இருந்து மாத்திரையை விசுவாசத்தோடு விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை தொடங்குகிறாள். சனிக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து பேசப்போகிறோம். பெரியம்மா போதகர் பக்கம். அந்த வீட்டில் வசனத்தை வைத்துப் பேசினால்தான் எடுபடும். நான் என்ன சொல்வது?

ஜெபவீரன் (வியாழன், இரவு 11:15)

தம்பி, மாத்திரையை விடச் சொன்னது சரியா தவறா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அடிப்படையைப் பார்ப்போம். எண்ணங்களுக்கு ஊற்று உண்டு. யூதாசின் இருதயத்தில் காட்டிக்கொடுக்கும் எண்ணத்தைப் பிசாசு தூண்டினான் என்று யோவான் 13:2 சொல்கிறது. அப்போஸ்தலர் 5இல், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவிடம் பேதுரு, "சாத்தான் உன் இருதயத்தை நிரப்பினதென்ன?" என்று கேட்டார். இவையெல்லாம் உருவகமா? நான் பதினொரு ஆண்டுகள் குடித்தவன். கைநடுக்கம் நிற்க ஒன்று, தூங்க ஒன்று என்று வாழ்ந்தவன். ஒரு முழு இரவு ஜெபத்தில் தலையிலிருந்து ஏதோ இறங்கிப் போனது. அடுத்த நாள் சாராயக்கடையைத் தாண்டி நடந்தபோது அந்தப் பலகை எனக்கு வெறும் பலகையாகத் தெரிந்தது. இரட்சிப்பு என்றால் பரலோகத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்வதா? அது தலைக்குள் நடக்கும் ஆட்சி மாற்றம். ரோமர் 12:2 சொல்லும் "மனம் புதிதாகிறது" இதுதான். சில போதகர்கள் இதை அரைகுறையாகச் சொல்கிறார்கள் என்பதற்காகப் பிசாசோடு யுத்தமே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம்.

பழையஏடு (வெள்ளி, காலை 5:50)

யுத்தம் இல்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அந்த யுத்தம் எப்படி நடந்தது என்பதை எபேசுக்காரர்களிடமே கேட்டுவிடலாம். பவுலின் கடிதம் அவர்களுக்குத்தானே எழுதப்பட்டது?

அப்போஸ்தலர் 19ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எபேசு அன்று மந்திரத்துக்குப் பேர்போன ஊர். "எபேசிய எழுத்துகள்" என்று பொருள் விளங்காத ஆறு சொற்கள் புழங்கின. தாயத்தில் எழுதிக் கட்டுவார்கள், பேய் பிடித்தவர்களை ஓதச் சொல்வார்கள். அந்த ஊரில் பவுல் என்ன செய்தார்? தெருத் தெருவாக நடந்து, ஊரை ஆளும் ஆவியைக் கட்டுவதாக ஜெபிக்கவில்லை. திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷகாலம் அநுதினமும் உட்கார்ந்து சம்பாஷித்தார். இரண்டாம் கொரிந்தியர் 10இல் அரண்களை நிர்மூலமாக்குகிறோம் என்றவர், அந்த அரண்கள் எவை என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறார்: "தர்க்கங்கள்". அவருடைய போர்க்களம் ஒரு வகுப்பறை.

இனி ஜெபவீரன் கவனிக்க வேண்டிய இடம். அதே அதிகாரத்தில் எபேசில் மந்திரப் புத்தகங்களைச் சுட்டெரித்தார்களே, அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் என்று வைத்தால், ஒருவன் நூறு ஆண்டுக்கு மேல் உழைத்தாலும் சேராத பணம். எரித்தவர்கள் யார்? வெளியாட்களா? 18ஆம் வசனம் "விசுவாசித்தவர்களில் அநேகர்" என்கிறது. அதாவது ஏற்கெனவே விசுவாசித்தவர்கள். ஞானஸ்நானம் எடுத்து, சபைக்கு வந்து, வீட்டுப் பெட்டிக்குள் மந்திர ஏட்டையும் பத்திரமாக வைத்திருந்தார்கள்! இரட்சிப்பு வந்த அன்றே சிந்தை முழுதும் மாறிவிடும் என்றால் அந்தப் பெட்டி ஏன் அத்தனை நாள் திறக்கவில்லை? பவுல் அவர்களைப் பார்த்து "உங்கள் சீரா கழன்றுவிட்டது" என்று சொன்னதாகவும் இல்லை.

கேள்விக்குறி (வெள்ளி, காலை 9:20)

நான் சபைக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஜெபவீரனின் சாட்சியைச் சந்தேகிக்கவில்லை. மனமாற்றம் ஒரு மனிதனின் யோசனையைத் தலைகீழாக்கும். எல்லா மதத்திலும் இது நடக்கிறது, மதமே இல்லாமலும் நடக்கிறது. புதிய கூட்டம், புதிய சொற்கள், மாலை ஆறு மணிக்குப் போக வேறோர் இடம். குடியை விட இவை போதும். ஆவியை ஏன் இழுக்க வேண்டும்?

ஜெபவீரன் (வெள்ளி, காலை 9:45)

கூட்டம் போதும் என்றால் சாராயக்கடையிலும் எனக்கு நல்ல கூட்டம் இருந்தது, நண்பரே.

பழையஏடு ஐயாவுக்கு: திறன்னுவின் வித்தியாசாலையைச் சொன்னீர்கள். அதே அதிகாரத்தில் பவுலின் சரீரத்திலிருந்து உறுமால்களை, அதாவது கைக்குட்டைகளை, கொண்டுபோய் வியாதிக்காரர்மேல் போட, பொல்லாத ஆவிகள் புறப்பட்டதை விட்டுவிட்டீர்களே! வகுப்பறை மட்டும் இருந்திருந்தால் 12ஆம் வசனம் எதற்கு? கல்லூரி படித்தவர்கள் இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது எப்போதும் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டே வாசிக்கிறார்கள். எபேசியர் 6:12இல் நம் போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல, துரைத்தனங்களோடும், அதிகாரங்களோடும்" என்பது மூளையின் ரசாயனத்தைப் பற்றியது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பழையஏடு (வெள்ளி, முற்பகல் 11:05)

உறுமால் குத்து சரியான குத்து, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வசனத்துக்கும் வாருங்கள். ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் குமாரர் ஏழு பேர் அதே இயேசுவின் நாமத்தைச் சொல்லிப் பேயை ஓட்டப் பார்த்தார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று கேட்டுவிட்டுப் பேய் பிடித்த மனிதன் அவர்கள்மேல் பாய்ந்தான். நிருவாணமாய் ஓடினார்கள். நாமத்தை ஒரு சூத்திரமாக ஓதினால் அது ஏழாவது எபேசிய எழுத்து, அவ்வளவே.

(துரைத்தனம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். இந்த மொழிபெயர்ப்பு வந்த காலத்தில் எங்கள் பாட்டன்மார் அதை வாசித்துக் கலெக்டர் கச்சேரியைத்தான் நினைத்திருப்பார்கள்.)

தலைச்சீராவுக்கு வருகிறேன். கிரேக்கத்தில் எபேசியர் 6இன் 13, 16ஆம் வசனங்களில் கவசத்தையும் கேடகத்தையும் "எடுத்துக்கொள்ள" ஒரு வினைச்சொல். 17இல் தலைச்சீராவுக்கு வேறு வினைச்சொல். அது ஒருவர் கொடுக்கப் பெற்றுக்கொள்வதைக் குறிக்கும். நம் தமிழ் வேதத்தில் 13இலும் 17இலும் ஒரே சொல் வந்துவிட்டதால் வித்தியாசம் தெரிவதில்லை. ஏசாயா 59:17இல் இந்தச் சீராவை அணிந்திருப்பவர் கர்த்தர். அவர் கழற்றித் தருவதை வாங்கித் தலையில் வைக்கிறோம். நம் விசுவாசத்தின் அளவுக்குத் தக்கபடி இறுகவும் தளரவும் அது நாம் தைத்த தொப்பி அல்ல. முதலாம் தெசலோனிக்கேயர் 5:8 இதையே "இரட்சிப்பின் நம்பிக்கையென்னும் தலைச்சீரா" என்கிறது. நம்பிக்கை என்றால் இனி வரப்போவதை எதிர்பார்த்திருப்பது. தலைக்குள் இருட்டு வராது என்ற உத்தரவாதம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. அந்தப் பகுதியில் வினைகள் எல்லாம் பன்மை. பவுல் ஒரு தனிச் சிப்பாயிடம் பேசவில்லை, சபை முழுவதையும் அணிவகுக்கச் சொல்கிறார்.

வார்டுவிளக்கு (வெள்ளி, பிற்பகல் 2:30)

நான் மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். விசுவாசியும்தான். தம்பி நாசரேத்பேரன், கிரேக்கம் இருக்கட்டும், முதலில் மாத்திரைப் பட்டையின் பின்புறத்தை வாசித்துப் பெயரைச் சொல்லுங்கள்.

அதற்குள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வார்டில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். கெட்ட எண்ணம் வந்தால் உடனே கடிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஐம்பது முறை சொல்வாள். நாற்பதில் கவனம் சிதறினால் மறுபடி ஒன்றிலிருந்து. சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போகும், இவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். விரல்களை மடக்கி மடக்கி எண்ணி, கணுக்களில் தோல் உரிந்திருந்தது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா, நீங்கள் கேட்டீர்களா?" என்றாள். எண்ணத்தோடு சண்டை போடப் போட எண்ணம் பெருகும் நோய் அது. எண்ணச் சுழல் நோய் என்போம். அவளுக்கு யுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்கள். பழையஏடு ஐயா சொன்ன ஆறு எழுத்துகளைப் படித்ததும் அவளுடைய விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன.

நாசரேத்பேரன் (வெள்ளி, மாலை 4:10)

பெரியம்மாவிடம் கேட்டு வாங்கினேன். லித்தியம் கார்பனேட், 300 மி.கி.

வார்டுவிளக்கு (வெள்ளி, மாலை 4:18)

நினைத்தேன். தம்பி, லித்தியம் ஓர் உப்பு. ரத்தத்தில் அது இருக்க வேண்டிய அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சாப்பாடும் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், அளவு ஏறும். கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். இதைப் பார்த்துவிட்டுப் பிசாசு வெளிப்படுகிறது என்று இன்னும் உரக்க ஜெபிப்பார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ, நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பக்கூடும். ஆக உபவாசம் இருந்து மாத்திரை எடுத்தாலும் ஆபத்து, மாத்திரையை விட்டாலும் ஆபத்து. திங்கட்கிழமைக்கு முன் அவளுடைய மருத்துவரிடம் பேசுங்கள்.

மாதாகோயில்தெரு (வெள்ளி, மாலை 6:00)

கத்தோலிக்கர் ஒருவர் நடுவில் நுழைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுத்திருந்தார், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். வீரக் கதைகளைக் கற்பனை செய்தால் அந்த நேரத்தில் இனிக்கும், பிறகு வறட்சி. புனிதர்களைப் போல வாழ்வதாகக் கற்பனை செய்தால் பிறகும் மகிழ்ச்சி தங்கும். எந்த எண்ணம் எந்தச் சுவையை விட்டுவிட்டுப் போகிறது என்று கவனித்ததில்தான் ஆவிகளைத் தேர்ந்து தெளியும் அவருடைய முறை பிறந்தது. அவரும் ஆவிகளை நம்பியவரே. ஆனாலும் மனமாற்றத்துக்குப் பிறகு மன்ரேசா என்ற ஊரில் குற்ற உணர்வு வாட்டி, உயிரை விடத் தோன்றும் அளவுக்கு அவதிப்பட்டார். அவர் வைத்த விதி ஒன்று இந்தப் பெண்ணுக்குப் பொருந்தும்: மனம் இருண்டிருக்கும் வேளையில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. மாத்திரை எடுக்க அவள் முடிவு செய்தது தெளிவான நாளில். விடுவது என்ற முடிவு ஒரு பிரசங்கம் கிளப்பிய பயத்தில்.

ஜெபவீரன் (வெள்ளி, இரவு 8:35)

லித்தியம் விஷயம் எனக்குத் தெரியாது. சகோதரி சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். அதில் வாதிட மாட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நீங்கள் எல்லாரும் சொல்வதைக் கூட்டினால், இரட்சிப்பு சிந்தையை மாற்றும், ஆனால் மாற்றாமலும் இருக்கலாம் என்று வருகிறது. அப்படியென்றால் என் போன்றவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

பழையஏடு (வெள்ளி, இரவு 9:50)

நல்ல கேள்வி. வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞரைச் சொல்கிறேன். 1763இல் மனம் உடைந்து உயிரை மாய்க்க முயன்றவர். அடுத்த ஆண்டு மனநோய் விடுதியில் ரோமர் 3:25ஐ வாசித்து மனந்திரும்பினார். பிறகு ஆல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டனின் பக்கத்து வீட்டுக்காரரானார். அடிமைக் கப்பல் தலைவனாயிருந்து போதகரான அதே நியூட்டன். இருவரும் சேர்ந்து பாட்டுகள் எழுதி 1779இல் புத்தகமாக வந்தது. அதற்குள் 1773இல் கூப்பருக்கு நோய் திரும்பியது. தேவன் தன்னை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார் என்று நம்பினார். சாகும்வரை, 1800வரை, அந்த எண்ணம் முழுதும் நீங்கவில்லை. மற்றவர்களுக்கு நம்பிக்கை தரும் பாட்டை எழுதியவர் அதன்பின் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

நியூட்டன் என்ன செய்தார்? ஓராண்டுக்கும் மேலாகத் தன் வீட்டிலேயே கூப்பரை வைத்துப் பார்த்துக்கொண்டார். "நீ தள்ளப்பட்டவன் அல்ல" என்பதைக் கூப்பரால் நம்ப முடியாத நாளில் அவருக்காக நியூட்டன் நம்பினார். உங்கள் முள்ளுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். பிடி நம் கையில் மட்டும் இருந்தால் கூப்பர் என்றைக்கோ விழுந்திருப்பார்.

கேள்விக்குறி (வெள்ளி, இரவு 10:05)

நியூட்டனைப் போல ஒருவர் எங்கள் சபையில் இருந்திருந்தால் நான் இங்கே இந்தப் பெயரில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்.

ஜெபவீரன் (சனி, காலை 5:10)

அனனியாவை நான்தான் முதலில் இழுத்தேன். இன்று காலை முழுதாக வாசித்தேன். மூன்றாம் வசனத்தில் "சாத்தான் உன் இருதயத்தை நிரப்பினதென்ன" என்று கேட்ட பேதுரு, நான்காம் வசனத்தில் "நீ உன் இருதயத்திலே இப்படிப்பட்ட எண்ணங்கொண்டதென்ன" என்றும் கேட்கிறார். இரண்டும் இருக்கிறது. நான் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிசாசு இல்லை என்று மட்டும் யாரும் என்னை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. தலைச்சீராவுக்காகக் காலையில் ஜெபிப்பதையும் விட மாட்டேன்.

தம்பி, பெரியம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். 21 நாள் உபவாசம் என்று பொருத்தனை செய்தாகிவிட்டது என்றால், அதை நான் இருக்கிறேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. ஊரும் பேரும் தெரியாதவர்களுக்காக எத்தனையோ நாள் இருந்திருக்கிறேன். பிள்ளை சாப்பிடட்டும், மாத்திரையும் போடட்டும். பன்மை என்று ஐயா சொன்னாரே.

நாசரேத்பேரன் (சனி, இரவு 9:30)

பேசினோம். பெரியம்மா முதலில் அழுதார்கள், பிறகு கோபப்பட்டார்கள். லித்தியத்தைச் சொன்னபோது அசையவில்லை. ஜெபவீரன் அண்ணன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "முன்பின் தெரியாத பிள்ளை என் மகளுக்காகப் பட்டினி கிடக்குமா?" என்று இரண்டு முறை கேட்டார்கள். மருத்துவரிடம் திங்கட்கிழமை போகச் சம்மதித்திருக்கிறார்கள். போதகரிடம் யார் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.

தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள். அந்த அண்ணன் தண்ணீராவது குடிப்பாரா என்று.