மைலேஜ் அபராதம் இனி பூஜ்யம்: டெட்ராய்ட்டைக் கவிழ்த்தது யார்?

கூடுவாஞ்சேரி குமரன்

அமெரிக்காவில் கார் கம்பெனிகள் மைலேஜ் இலக்கைத் தவறவிட்டால் அபராதம் கட்ட வேண்டும் என்று 1975இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2025 ஜூலையில் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். போலீஸ்காரர் முச்சந்தியில் நிற்கிறார், ரசீது புத்தகம் மட்டும் கையில் இல்லை. டிசம்பரில் இன்னும் ஒரு படி இறங்கி, 2031க்கு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 50.4 மைல் என்றிருந்த இலக்கை 34.5 ஆக்கலாம் என்று முன்மொழிந்தார்கள்.

எனக்கு 2008தான் ஞாபகம் வருகிறது. ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர், பெட்ரோல் கேலன் 4 டாலருக்கு மேல். ஹம்மர் என்ற ராட்சத எஸ்யூவியைச் சீந்த ஆளில்லை. நவம்பரில் அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டின் மூன்று கம்பெனிகள், ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்), ஃபோர்டு, கிரைஸ்லர் தலைவர்களும் ஆளுக்கொரு தனி விமானத்தில் வாஷிங்டன் போய் இறங்கி 2,500 கோடி டாலர் கடன் கேட்டார்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பிச்சைக்குப் போன கதை. அடுத்த வருஷம் ஏப்ரல் 30 கிரைஸ்லர், ஜூன் 1 ஜெனரல் மோட்டார்ஸ், இரண்டும் மஞ்சக் கடுதாசி. இத்தனைக்கும் கிரைஸ்லர் 1979இலேயே ஒருமுறை அரசாங்கத்தின் 150 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தில் தப்பிப் பிழைத்த கம்பெனி.

என் கட்சி இதுதான். பெட்ரோல் குடிக்கும் வண்டியை நம்பிக் கெட்டார்கள். இப்போது அதே கிணற்றில் மறுபடி இறங்க அரசாங்கமே படிக்கட்டு கட்டிக் கொடுக்கிறது. மறுப்பவர்கள் வரலாம்.

நோவிக்காரன்

வந்துவிட்டேன். மிச்சிகனில் இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், உதிரிபாகம் செய்கிற பக்கம்.

குமரன், யாரும் யார் தலையிலும் வண்டியைக் கட்டவில்லை. ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டி) 1980களிலிருந்து இங்கே விற்பனையில் முதலிடம். நீங்கள் சொன்ன 4 டாலர் பெட்ரோல் அதே டிசம்பரில் 2 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. பெட்ரோல்தான் வியாதி என்றால் அதோடு குணமாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை, ஏனென்றால் அதற்குள் வங்கிகள் கடனை நிறுத்திவிட்டன. 2007இல் 1.6 கோடி வண்டி வாங்கிய நாடு 2009இல் 1.04 கோடிதான் வாங்கியது. அந்தப் பள்ளத்தில் கேலனுக்கு 60 மைல் கொடுக்கும் வண்டியும் விழுந்திருக்கும்.

அப்புறம் பழைய பாக்கி. ஓய்வுபெற்றவர்களுக்கும் சேர்த்து மருத்துவச் செலவு, ஜிஎம் விற்கும் ஒவ்வொரு வண்டியின் தலையிலும் ஏறத்தாழ 1,500 டாலர் என்று அந்நாளில் கணக்குச் சொன்னார்கள். சின்னக் காரில் அந்தப் பணத்தை எடுக்கவே முடியாது, பிக்கப்பில் எடுக்கலாம். ஃபோர்டு மட்டும் திவாலாகாமல் தப்பியது எப்படி? 2006இலேயே 2,360 கோடி டாலர் கடன் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆலை, அலுவலகம், கடைசியில் அந்த நீல ஓவல் சின்னத்தைக்கூட அடகு வைத்து. தாலியை அடகு வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியது போலத்தான். மைலேஜுக்கு அதில் வேலையில்லை.

கூடுவாஞ்சேரி குமரன்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதே வங்கி, அதே வாடிக்கையாளர், அதே சாலை. டொயோட்டா திவாலாகவில்லையே? பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடும் அவர்களுடைய ஹைப்ரிட் கார் பிரியஸ் 1997இல் ஜப்பானில் வந்தது, 2000இல் அமெரிக்காவுக்கு வந்தது. அந்த நேரத்தில் ஜிஎம் என்ன செய்தது? 1996இல் இவி1 என்ற மின்சாரக் காரைக் குத்தகைக்கு விட்டு, பிறகு திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. 1999இல் ஹம்மர் பெயரை வாங்கியது. மூன்றே வருஷத்தில் அந்த ஹெச்2 பூதம் வந்து நின்றது.

அமெரிக்க அரசின் சொந்தக் கணக்கையே பாருங்கள். 1987இல் புது வண்டிகளின் சராசரி கேலனுக்கு 22 மைல். 2004இல் 19.3. பதினேழு வருஷம் பின்பக்கமாக ஓடியிருக்கிறது. இன்ஜின் தொழில்நுட்பம் அந்தக் காலத்தில் முன்னேறவே இல்லையா? முன்னேறியது. எல்லாவற்றையும் எடையிலும் குதிரைத்திறனிலும் கொட்டிவிட்டார்கள்.

சரி, தனிப்பட்ட கேள்வி ஒன்று. உங்கள் வீட்டு வாசலில் நிற்பது எந்த ஊர் வண்டி?

செல்வி_ஹூஸ்டன்

ஆண்கள் எல்லாம் குதிரைத்திறன் பேசுங்கள், நான் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகள், மாமனார் மாமியார் வருஷத்தில் ஆறு மாதம் எங்களோடு. அமெரிக்க கம்பெனி ஒன்றின் மினிவேன் வாங்கினோம், பெயர் வேண்டாம். வாரண்டி முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, டல்லாஸ் போகும் வழியில் கியர்பாக்ஸ் போய்விட்டது. ஆகஸ்ட் மாத வெயில். மாமியார் கையில் தயிர்சாத டப்பாவோடு சாலையோரம் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் சொன்ன செலவு வண்டியின் பாதி விலை.

அடுத்து வாங்கியது ஜப்பான் கம்பெனி மினிவேன். மைலேஜில் ஒன்று இரண்டு மைல்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் இன்றுவரை ஓடுகிறது. எங்களைப் போல எத்தனை குடும்பங்கள் ஒருமுறை சூடுபட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் போயிருக்கும்? குமரன் தம்பி மைலேஜ் என்கிறார், நோவிக்காரர் கடன் என்கிறார். நம்பகம் என்று ஒன்று இருக்கிறது, அதை இருவரும் தொடவே இல்லை.

கணக்கு வாத்தியார்

முதலில் ஒரு நன்றி. எல்லோரும் 'கேலன்' என்றே எழுதியிருக்கிறீர்கள். சில பத்திரிகைகளில் 'காலனுக்கு 12 மைல்' என்று படிக்கும்போது எமனுக்குப் பயணப்படி கொடுக்கிற மாதிரி இருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேர் வருஷம் 10,000 மைல் ஓட்டுகிறார்கள். ஒருவர் 25 மைல் கொடுக்கும் காரை விற்று 50 மைல் கொடுக்கும் ஹைப்ரிட் வாங்குகிறார். இன்னொருவர் 10 மைல் கொடுக்கும் லொடலொட லாரியை விற்று 15 மைல் கொடுக்கும் எஸ்யூவி வாங்குகிறார். யார் அதிகம் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார்? முதல் ஆள் 400இலிருந்து 200 கேலனுக்கு வருகிறார், மிச்சம் 200. இரண்டாவது ஆள் 1,000இலிருந்து 667க்கு வருகிறார், மிச்சம் 333.

கேலனுக்கு எத்தனை மைல் என்று அளப்பதில் இருக்கும் கண்கட்டு வித்தை இது. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அளந்தால் உடனே தெரிந்துவிடும். ஆகவே 2008இல் ஜிஎம் டாஹோ என்ற பெரிய எஸ்யூவியில் ஹைப்ரிட் வைத்து நகரத்துக்குள் 14 மைலை 21 ஆக்கியபோது எல்லோரும் கேலி செய்தார்களே, கணக்குப்படி அது கேலிக்குரியதே அல்ல. விலைதான் 50,000 டாலர் என்று வைத்து அவர்களே அதைக் கொன்றார்கள்.

நோவிக்காரன்

வாத்தியார் சொன்னது நூற்றுக்கு நூறு. செல்வி அம்மா சொன்னதையும் மறுக்க மாட்டேன், அந்தக் கியர்பாக்ஸ் எங்கள் தொழிலுக்கே அவமானம்.

ஆனால் குமரன், எடையில் கொட்டச் சொன்னது யார்? சட்டம். அந்நாளில் கார் என்றால் 27.5 மைல் காட்ட வேண்டியிருந்தது, 'லைட் டிரக்' (சின்ன லாரி வகை) என்றால் ஏறத்தாழ 20 மைல் காட்டினால் போதும். எஸ்யூவி டிரக் வகையில் வந்தது. கிரைஸ்லரின் பிடி குரூசர், கண்ணுள்ள எவருக்கும் அது கார், பின்சீட்டைக் கழற்றினால் தட்டையான தளம் வருகிறது என்று டிரக் கணக்கில் ஏறியது. 2003இல் வரிச் சட்டம் வேறு மாறியது. சிறுதொழில் செய்பவர் 6,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டி வாங்கினால் 1,00,000 டாலர் வரை ஒரே வருஷத்தில் செலவாகக் கழிக்க முடிந்தது. பல் டாக்டர்களும் வீட்டுத் தரகர்களும் ஹம்மரில் வந்து இறங்கியது அப்படித்தான். இன்னொரு கூத்து, வெளிநாட்டு பிக்கப்புக்கு 25 சதவீத இறக்குமதி வரி. 1964இலிருந்து இருக்கிறது. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பழிவாங்கப் போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்தது, வரி இன்னும் நிற்கிறது. போட்டியே இல்லாத சந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வியாபாரி போவான்.

இப்போதைய விதியும் அப்படியே. நான்கு சக்கரத்துக்கு நடுவே உள்ள பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுலபமான இலக்கு. வண்டி ஊதிப் பெருத்ததில் ஆச்சரியம் என்ன?

கூடுவாஞ்சேரி குமரன்

அந்த ஓட்டையெல்லாம் கரையான் அரித்ததா? கம்பெனிகள் வாதாடி வாங்கியவை. 1990இல் செனட்டர் பிரையன் மைலேஜை 40 சதவீதம் உயர்த்த மசோதா கொண்டுவந்தார். விவாதத்தை முடித்து வாக்கெடுக்க 60 பேர் வேண்டும், 57 பேர்தான் கிடைத்தார்கள். மூன்று வாக்கில் செத்தது. கீழ் அவையில் மிச்சிகனின் ஜான் டிங்கல் பல வருஷம் கதவை மறித்து நின்றார். சட்டத்தை வளைத்துவிட்டு சட்டம் கோணல் என்றால் எப்படி?

வாசலில் நிற்கும் வண்டி பற்றிப் பதிலைக் காணோம்.

நோவிக்காரன்

டொயோட்டாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாதீர்கள். 2006இல் டெக்சஸ் சான் அன்டோனியோவில் டண்ட்ரா என்ற பெரிய பிக்கப்புக்கென்றே ஆலை திறந்தார்கள். 2008 ஆகஸ்டில் அந்த ஆலையை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள், வாங்க ஆளில்லை. 2007இல் செனட் கொண்டுவந்த 35 மைல் இலக்கை எதிர்த்த வரிசையிலும் டெட்ராய்ட்டோடு அவர்களும் நின்றார்கள். ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான், கையில் ரொக்கம் இருந்தவன் தப்பினான்.

ஸ்கார்பரோ சிவா

கனடாவில் இருந்து ஒரு குரல். ஜிஎம்மைத் தூக்கி நிறுத்தியதில் எங்களுடைய வரிப்பணமும் இருக்கிறது. எங்கள் மத்திய அரசும் ஒன்டாரியோ அரசும் சேர்ந்து கொடுத்தன. அப்படியிருந்தும் ஓஷாவாவில் இருந்த பிக்கப் ஆலை 2009இல் மூடப்பட்டது. எங்கள் தெருவிலேயே அதில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள்.

நான் நெடுநாள் நினைத்தது, அமெரிக்கா பெட்ரோல் வரியை உயர்த்தியிருந்தால் சட்டமே தேவையில்லை என்று. அங்கே மத்திய வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993க்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. ஆனால் பாருங்கோ, கனடாவில் பெட்ரோல் விலை அதைவிட அதிகம். இங்கேயும் அதிகம் விற்பது அதே எஃப் வரிசை பிக்கப்தான். பனியில் ஓட்ட, படகை இழுக்க என்று காரணம் சொல்வார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் பதினோரு வருஷமாக அதில் இழுத்துவந்தது காஸ்ட்கோ கடைச் சாமான் மட்டும்தான்.

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வண்டியைத் திட்டலாம், ஓட்டுபவரின் குடும்பத்தைத் திட்ட வேண்டாம்.

செல்வி_ஹூஸ்டன்

சின்ன வண்டி பற்றி ஒரு விஷயம். 2019இல் கார் சர்வீஸுக்குப் போனபோது வாடகைக்கு ஃபோர்டு எக்கோஸ்போர்ட் கொடுத்தார்கள். கதவுச் சட்டத்தில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் இந்தியாவில் செய்தது! நம் மறைமலை நகர் ஆலையில் இருந்து கப்பலேறி வந்திருக்கிறது. ஜிஎஸ்டி சாலை வண்டி ஹூஸ்டனில். போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். நான்கு சக்கர இயக்கமுள்ள எக்கோஸ்போர்ட் கேலனுக்கு 25 மைல்தான் கொடுத்தது. அதைவிடப் பெரிய ஹோண்டா சிஆர்வி அதைவிட அதிகம் கொடுக்கிறது. சின்னதாகவும் இருக்கும், மிச்சமும் ஆகாது என்றால் யார் வாங்குவார்? மறைமலை நகர் ஆலையும் மூடியாகிவிட்டது, அந்த வண்டியும் இங்கே 2022ஓடு சரி. அமெரிக்கர்களுக்குச் சின்ன வண்டி பிடிக்காது என்று சொல்லும் முன்னால், நல்ல சின்ன வண்டியைக் கொடுத்துப் பார்த்தார்களா?

கூடுவாஞ்சேரி குமரன்

அக்கா, வாயில் சர்க்கரை போட வேண்டும். கொடுத்தும் பார்த்தார்கள், அதுதான் வேடிக்கை. 2018இல் ஃபோர்டு 'முஸ்டாங் தவிர அமெரிக்காவில் எங்களுக்குக் கார் வேண்டாம்' என்று செடான்களைக் கைகழுவியது. 2021இல் அதே ஃபோர்டு மேவரிக் என்ற சின்ன பிக்கப்பைக் கொண்டுவந்தது. ஹைப்ரிட், நகரத்தில் கேலனுக்கு 42 மைல், ஆரம்ப விலை 20,000 டாலருக்கு ஐந்து டாலர் கம்மி. என்ன ஆயிற்று? 2022 ஜனவரியில் ஹைப்ரிட்டுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது, செய்து மாளவில்லை. 'யாரும் யார் தலையிலும் வண்டியைக் கட்டவில்லை' என்ற நோவிக்காரர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சிவா சொன்ன கனடா விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் விலை ஒன்றை மட்டும் வைத்து நான் வாதாடியிருக்கக் கூடாது. 2008இல் கடன் உறைந்தது பெரிய காரணம் என்பதும் சரி. ஆனால் காய்ச்சல் எல்லோருக்கும் வந்தது, சத்தில்லாத உடம்புதான் படுத்தது.

நோவிக்காரன்

மேவரிக் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அந்த வண்டிக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று எங்கள் பக்கம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன் ஆரம்ப விலை இப்போது 25,000ஐத் தாண்டிவிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் ஆத்திரம் வேறு. ஒரு வண்டியை வரைந்து, உதிரிபாகம் வார்க்கும் அச்சு செய்து, சாலைக்குக் கொண்டுவர நாலைந்து வருஷம் ஆகிறது. 2012இல் 54.5 மைல் என்றார்கள். 2020இல் தளர்த்தினார்கள். 2024இல் மறுபடி இறுக்கினார்கள். 2025இல் அபராதமே கிடையாது என்கிறார்கள். ஜிஎம் 2016, 2017 மாடல்களுக்காகக் கிட்டத்தட்ட 12.8 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஃபோர்டு 2024இல் மின்சார வண்டிப் பிரிவில் மட்டும் 510 கோடி டாலர் இழந்தது. நாங்கள் செய்த இரண்டு அச்சுகள் இப்போது கிடங்கில் தூசி படிந்து கிடக்கின்றன, வண்டி ரத்தாகிவிட்டது. கண்டிப்பான சட்டம் என்றால் கண்டிப்பு, இல்லை என்றால் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை காற்று திசை மாறினால் எந்தப் பக்கம் பாய் கட்டுவது?

குமரனின் கேள்வி. வாசலில் இரண்டு வண்டி நிற்கிறது. என்னுடையது பிக்கப், ஊழியர் தள்ளுபடியில் வாங்கியது, கேலனுக்கு 19 மைல். என் மனைவியுடையது பிரியஸ். என் பிக்கப் சர்வீஸுக்குப் போகும் நாளில் பிரியஸில் வேலைக்குப் போவேன். எங்கள் வாடிக்கையாளர் ஆலையில் வெளிநாட்டு வண்டிக்கு வாசல் பக்கம் இடம் கிடையாது. கடைசி வரிசையில் நிறுத்திவிட்டு, பனியில் பத்து நிமிஷம் நடக்க வேண்டும்.

கூடுவாஞ்சேரி குமரன்

அந்தக் கடைசி வரிசையில் எத்தனை வண்டி நிற்கும் சார்?

நோவிக்காரன்

போன வாரம் நிறுத்த இடம் கிடைக்கவில்லை.