பந்தல் கம்பியில் குளவிக் கூடு: எடுக்கவா, விடவா?

மாடிப்பாட்டி (மார்ச் 8)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் கே.ஆர்.புரத்தில் 30க்கு 40 மனையில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் 6 வருஷமாகத் தோட்டம் போடுகிறேன். 22 பை, 4 பழைய பெயின்ட் வாளி, கறிவேப்பிலைக்கென்று ஒரு பெரிய நீல டிரம். நான் கோலார் தங்கவயலில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டைப் பார்த்து வளர்ந்தவள். காற்றடித்தால் அந்த மேட்டிலிருந்து புழுதிதான் வரும். அதனாலோ என்னவோ, இந்த வயதிலும் ஒரு பாகற்பிஞ்சு விட்டால் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாகலும் பீர்க்கும் ஏற வீட்டுக்காரர் இரும்புக் குழாயில் பந்தல் அடித்துக் கொடுத்தார். அதன் குறுக்குக் கம்பியின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குளவிக் கூடு தொங்குகிறது. தை மாதம் எட்டணா அளவு இருந்தபோதே பார்த்தேன், சின்னதுதானே என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பியதா என்று பார்க்கப் போன வீட்டுக்காரரைப் புருவத்தில் ஒன்று, காதோரம் ஒன்று என்று கொட்டிவிட்டது. கூட்டைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். மறுநாள் காலையில் ஒரு கண் திறக்கவில்லை. மாமியார் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் பூசினார். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று சொல்கிறவர் அவர். "ஆனால் அது மண்ணில் கட்டினால்தான், இது காகிதம் மாதிரி இருக்கிறதே, இதற்கு என்ன வரும்?" என்று என்னையே கேட்கிறார்.

ஏப்ரல் லீவுக்குப் பேரன் வருகிறான், 4 வயது. பக்கத்து வீட்டு அம்மா கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் "கணஜ கச்சிதரே மகு கதி ஏனு?" (குளவி கொட்டினால் குழந்தை கதி என்ன?) என்று கன்னடத்தில் கேட்கிறார். மருந்தடிக்கிற ஆளின் நம்பரும் கொடுத்துவிட்டார். அந்த ஆள் 1,500 ரூபாய் கேட்கிறான்.

கூப்பிட்டிருப்பேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. வருஷா வருஷம் இந்த மாதத்தில் கறிவேப்பிலையை மொட்டையடிக்கிற புழு இந்தத் தடவை இல்லை. குஞ்சில் காக்கை எச்சம் மாதிரியும் வளர்ந்தபின் பச்சையாகவும் இருக்குமே, அதுதான். தினமும் காலையில் பொறுக்கி எடுப்பது என் வேலை. இரண்டு வாரமாக எனக்கு வேலையே இல்லை.

எடுக்கவா, விடவா?

தேன்பெட்டி_ஓசூர்

அக்கா, அடிப்பதற்கு முன்னால் ஆள் யார் என்று தெரிய வேண்டும். கொட்டுகிற எல்லாவற்றையும் நாம் குளவி என்றே சொல்லிவிடுகிறோம். சுவரில் மண் உருண்டையோ மண் குழாயோ இருந்து, ஒற்றை ஆள் வருவதும் போவதுமாக இருந்தால் அது மண் குளவி. அதற்குக் கூட்டைக் காக்கிற படை கிடையாது, பயமும் வேண்டாம். புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கிக் கொண்டுவந்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவி ஆக்கும் என்று தாத்தா சொன்ன கதை இங்கிருந்து வந்ததுதான். புழு குளவி ஆவதில்லை, குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு ஆகிறது.

வெளியே மூடியிருக்கிற பெரிய உருண்டைக் கூடு, ஒரே ஒரு வாசல், விரல் மொத்தத்தில் ஆட்கள் என்றால் அது கதண்டு. அப்படியென்றால் மாடிக் கதவைச் சாத்திவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், நீங்கள் கிட்டே போகவே கூடாது.

கூட்டின் அறைகள் கீழிருந்து தெரிகிறதா? என்ன நிறம்? ஏறக்குறைய எத்தனை ஆள்?

ஹொரமாவு ராஜா

இதற்கு இவ்வளவு யோசனையா? ராத்திரி 9 மணிக்கு மேல் நீளக் கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் நனைத்துக் கொளுத்திக் காட்டினால் இரண்டு நிமிஷ வேலை. எங்கள் ஊரில் எப்போதும் அப்படித்தான்.

மாடிப்பாட்டி

ராஜா தம்பி, அந்தக் கம்பிக்கு மேலே நிழல் வலை, கீழே காய்ந்த பாகற்கொடி, மூன்றடியில் சின்டெக்ஸ் தொட்டி. நீங்கள் சொன்னபடி செய்தால் குளவியோடு வீடும் போகும்.

ஓசூர்த் தம்பி, வீட்டுக்காரரின் பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். மூடி இல்லை, அறைகள் அப்படியே தெரிகின்றன. சாம்பல் நிறம், நனைந்து காய்ந்த செய்தித்தாள் மாதிரி. சின்னக் காம்பு ஒன்றில்தான் முழுக் கூடும் தொங்குகிறது. ஆட்கள் 25 இருக்கலாம், எண்ணும்போதே இடம் மாறிவிடுகிறார்கள். செங்கல்லைவிடக் கொஞ்சம் கருத்த பழுப்பு, பின்பக்கம் ஒரே ஒரு மஞ்சள் வளையம். ஒல்லியான இடுப்பு.

இன்னொன்றும் பார்த்தேன். காராமணிக்கு ஊன்றிய பழைய மூங்கில் குச்சியில் ஒன்று உட்கார்ந்து பின்னாலேயே நகர்ந்துகொண்டு சுரண்டுகிறது. காதை வைத்தால் கரகரவென்று சத்தம் கேட்கிறது! அது போனபின் பார்த்தால் சாம்பல் நிற மூங்கிலில் வெளுப்பாக ஒரு கோடு. குச்சி முழுக்க அப்படிக் கோடுகள். இத்தனை நாளும் வெயிலில் வெளுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேன்பெட்டி_ஓசூர்

அக்கா, நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது. இது காகிதக் குளவி. மரநாரைச் சுரண்டி எச்சிலில் குழைத்துக் கூடு கட்டும். நீங்கள் சொல்கிற பழுப்பும் ஒற்றை வளையமும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற இனத்துக்குப் பொருந்துகிறது. உங்கள் ஊரில் அது பிரபலம் தெரியுமா? இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகளாக இந்தக் குளவியைத்தான் ஆராய்ந்தார். இதன் ராணி பரம சாது, யாரையும் அதட்டாது. ராணியை எடுத்துவிட்டால் வேலைக்காரி ஒருத்தி திடீரென்று எல்லோரையும் விரட்ட ஆரம்பிப்பாள். அவள்தான் அடுத்த ராணி. முடி சூடியதும் அவளும் சாது ஆகிவிடுவாள். (இதைப் படித்துவிட்டு என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.)

உங்கள் புழுவுக்கும் இவர்கள்தான் காரணமாக இருக்கும். புழுவைப் பிடித்து மென்று உருண்டையாக்கிக் குஞ்சுக்கு ஊட்டுவார்கள்.

இனி முக்கியமான கேள்வி. மோட்டார் குழாய் பந்தலில் எங்காவது கட்டியிருக்கிறதா? இவை கிட்டே வருகிற ஆளைவிடக் கூடு அதிர்வதற்குத்தான் அதிகம் கோபப்படும்.

மாடிப்பாட்டி

அட! தொட்டிக்குப் போகிற குழாய் ஆடுகிறது என்று தீபாவளிக்கு முன்னால் பந்தல் காலோடு சேர்த்து கிளாம்ப் போட்டவர் இவரேதான். மோட்டார் ஓடினால் பந்தல் முழுக்க உதறும். பாகல் இலைகூட நடுங்கும். அதாவது பத்து நிமிஷம் அவர்கள் வீட்டைப் பிடித்து உலுக்கிவிட்டு, அப்புறம் முகத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

அல்சூர் சிஸ்டர்

நான் நர்ஸ். தோட்டத்தைப் பற்றித் தெரியாது, கொட்டு வாங்கி வருகிறவர்களைத் தெரியும். அம்மா, முதலில் அந்தச் சுண்ணாம்பு. கண்ணுக்குப் பக்கத்தில் இனி ஒருபோதும் வேண்டாம். கண்ணில் பட்டால் குளவி செய்ததைவிடப் பெரிய கேடு செய்யும். விஷம் தோலுக்குள் போய்விடுகிறது, மேலே பூசுகிற எதுவும் அதை முறிக்காது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள், விரலில் கொட்டினால் மோதிரத்தை உடனே கழற்றுங்கள். தேனீ கொடுக்கைத் தோலிலேயே விட்டுவிட்டுப் போகும், அதை நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. குளவி கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும்.

கொட்டிய இடம் வீங்குவதும், மறுநாள் இன்னும் கூடுவதும் சகஜம். கொட்டாத இடத்தில் ஏதாவது ஆனால்தான் ஓட வேண்டும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி. இதில் எது வந்தாலும் 108. அங்கே தொடையில் அட்ரினலின் ஊசி போடுவார்கள், உயிரைக் காப்பது அதுதான். வீட்டில் இருக்கிற அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. வாய்க்குள்ளே கொட்டினாலும், நிறையக் கொட்டு வாங்கினாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நிறைய விஷம் ஏறினால் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

குழந்தை விஷயத்தில் என் கருத்து: அவன் மாடிக்கு வருவான் என்றால் கூடு அங்கே இருக்கக் கூடாது. கூடு இருக்கும் என்றால் அவன் வரக் கூடாது. 4 வயதுப் பையனிடம் கிட்டே போகாதே என்று சொல்வது ஒரு பாதுகாப்பே அல்ல.

ஒன்பதாவது மாடி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஒயிட்ஃபீல்டு பக்கம் எங்கள் அடுக்ககத்தில் பால்கனிக்கு மேலே ஒரு கதவு அகலத்துக்கு மலைத்தேனீ அடை. கன்னடத்தில் ஹெஜ்ஜேனு என்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வைத்துத் தீ காட்டிவிட்டார்கள். காலையில் கார் நிறுத்துமிடம் முழுக்கச் செத்த தேனீ. அடுத்த பருவத்தில் அதே இடத்தில் மறுபடியும் அடை. இவை பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்ந்து, பழைய இடத்துக்கே திரும்புகிற இனமாம். யாரும் முதலிலேயே சொல்லவில்லை.

தேன்பெட்டி_ஓசூர்

மலைத்தேனீயைப் பெட்டியில் அடைக்கவும் முடியாது. மழை ஆரம்பித்தால் பெரும்பாலும் தானே கிளம்பிவிடும். அதுவரை ராத்திரியில் பால்கனி விளக்கை அணைத்து வையுங்கள், வெளிச்சத்துக்குத்தான் உள்ளே வரும். ஒன்று கொட்டினால் பழ வாசனை மாதிரி ஒரு வாடை வரும். மற்றவற்றுக்கு அது அழைப்பு மணி. அங்கே நின்று கையை வீசாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

அக்கா, சிஸ்டர் சொன்னதுதான் சரி. பேரன் வரும்வரை மூன்று வாரம் இருக்கிறது. கிளாம்பை அவிழுங்கள், ராத்திரியில்தான். சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச், முழுக்கை, தலைக்குத் துணி. தண்ணீர் டிரம்மை மூடி வையுங்கள். வெயில் காலத்தில் கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் மொண்டு போவார்கள், அதனால் தொலைவில் மூலையில் ஒரு தட்டு வைத்தால் அந்தப் பக்கம் போவார்கள். பேரன் வருவதற்கு முன்னால் முடிவெடுங்கள். எடுப்பதென்றாலும் விடியுமுன், தெரிந்த ஆளை வைத்து. பூச்சிமருந்தைக் காய்கறி மேல் தெளிக்க விடாதீர்கள்.

மாடிப்பாட்டி (ஏப்ரல் 2)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிளாம்பை அவிழ்த்தோம். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயைச் சுவரில் கட்டினார். அதற்கப்புறம் மோட்டார் ஓடினாலும் கூட்டில் ஒரு சலனம் இல்லை. நான் தினமும் ஆறடி தள்ளி உட்கார்ந்து கத்திரிக்குக் களை எடுத்தேன், அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். சாயங்காலம் காபி டம்ளரோடு பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இருந்தாலும் பேரனுக்காக 30ஆம் தேதி ஆள் வரச் சொல்லியாயிற்று. அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. இவர் சிரித்தார். கொட்டு வாங்கியவர் அவர், வருத்தப்படுகிறவள் நான்!

27ஆம் தேதி மத்தியானம் கொடியில் துணி போட ஏறினேன். கூட்டின் மேல் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு, வயிற்றில் அகலமாக மஞ்சள் பட்டை. தங்கவயலில் பார்த்திருக்கிறேன், கதண்டு. ஒற்றை ஆள்தான். ஒவ்வொரு அறையாக மூடியைக் கிழித்துக் குஞ்சை இழுத்து இழுத்து மென்றது. என் 25 பேரும் கம்பியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் புருவத்தைப் பிளந்தவர்களில் ஒருத்திகூட அதன் கிட்டே போகவில்லை. நான் துணியை அப்படியே வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அது போவதும் வருவதுமாக இருந்தது. சாயங்காலம் பார்த்தால் கூடு காலி, ஓட்டைகளோடு சல்லடை மாதிரி தொங்கியது.

இரண்டு நாள் அதைச் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் ஒருவரையும் காணோம். ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூட்டைக் காம்போடு கழற்றிப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருக்கிறேன், பேரனுக்குக் காட்ட. ஊதினால் பறக்கிற எடை.

நேற்றுக் காலை கறிவேப்பிலையில் காக்கை எச்சம் மாதிரி 3 புழு.

இன்று காலை பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்: "ஆன்ட்டி, நம்ம கிடகி மேலே கணஜ கூடு கட்டிதே." போய்ப் பார்த்தேன். ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் எட்டணா அளவு, சாம்பல் நிறம். மருந்தடிக்கிற ஆளின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார். என்னிடம் இருக்கிறது. கொடுக்கவில்லை, முதலில் மோட்டார் குழாய் எங்கே போகிறது என்று பார்ப்போம் என்றேன்.

ஹொரமாவு ராஜா

நல்லவேளை நீங்கள் கொளுத்தவில்லை. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை ஒரு போட்டோ போடுங்கள் அம்மா.