ஆசை வந்த கையோட மீன் தொட்டி வாங்கலாமோ, ஒரு மாதம் பொறுக்கோணுமோ?

குளக்கோட்டன்

கேள்வி கேட்டவர் எழுதினது இதுதான்: "திருகோணமலை டவுனில வீடு. பைப் தண்ணியும் இருக்கு, கிணறும் இருக்கு. போன மாதம் நினைச்சும் பார்க்காத மீன் தொட்டி ஆசை இப்ப தலைக்கேறி நிக்குது. இந்தச் சனிக்கிழமையே தொட்டியும் மீனும் வாங்கலாமோ?"

தொட்டியை வாங்குங்கோ, மீனை வாங்காதேங்கோ. 24 × 12 × 12 அங்குலத் தொட்டி விளிம்பு வரை 56 லீட்டர் கொள்ளும். மணலும் மேலே விடுற இடமும் போனால் 45 லீட்டர் அளவில நிக்கும். ஒரு பஞ்சு ஃபில்டரும் காற்றுப் பம்பும் போட்டு ஓட விடுங்கோ. மீன் இல்லாமலே நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போடுங்கோ. தீனி அழுகினால் அமோனியா வரும். பஞ்சில குடியேறுற ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். முதல் ரெண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது, அளவு மிஞ்சாத வரைக்கும் பாதகமில்லை. இந்த ரெண்டு கூட்டமும் வளர 4 முதல் 6 கிழமை வேணும்.

சனிக்கிழமையே மீன் விட்டால் ரெண்டாம், மூன்றாம் கிழமையில நைத்திரைற்று உச்சத்துக்குப் போகும். ஆசை இறங்கத் தொடங்குறதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். சலிப்பும் சாவும் ஒண்டா வந்தால் தொட்டி விற்பனைக்கு வரும்.

டச்சுப்பே_நிழல்

அண்ணை, மீன் இல்லாத தண்ணியை ஒரு மாதம் வைக்கச் சொல்றீங்க, அதுவும் திருகோணமலையில! டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் 8, 10 நாள் போதும். பஞ்சு ஃபில்டர் ஒரு மூலையில குமிழி விடும், எதிர் மூலைத் தண்ணி அசையாமல் கிடக்கும். சுகாதாரப் பரிசோதகர் வந்து டோர்ச் அடிச்சுப் பார்த்தால் "பக்டீரியா வளர்க்கிறம் சேர்" எண்டு சொல்லவோ?

ஆறு கிழமை தேவையில்லை. ஒரு வருசமாவது நல்லா ஓடுற தொட்டி வைச்சிருக்கிற ஆளிட்டப் பழைய பஞ்சொண்டு கேளுங்க. அதைப் பைப்பில கழுவாமல், அந்தத் தொட்டித் தண்ணியிலேயே நனைச்சு ஷொப்பிங் பையில கொண்டு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள உங்கட தொட்டியில போடுங்க. காய விட்டால் பக்டீரியா செத்திடும். அண்டைக்கே நாலு கப்பி மீன் விடலாம். முதல் ரெண்டு கிழமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணி மாத்தல். அமோனியா சோதனைத் துளி மருந்து ஒரு குப்பி வாங்கி வைச்சுக்கொள்ளுங்க.

ஒரு ஆள் ஆசை சூட்டில இருக்கிற காலத்தில்தான் சளைக்காமல் வாளி தூக்குவார். தொட்டிக்கு அதிக வேலை தேவைப்படுறதும் அந்த முதல் மாதம்தான். ரெண்டும் இப்பிடிப் பொருந்தி வரேக்க, அந்தச் சூட்டை வெறும் தண்ணியைப் பார்த்துக் கழிக்கச் சொல்றது அநியாயம்.

குளக்கோட்டன்

நுளம்புக்கு வழி நெட். நைலோன் வலையை இழுத்து நாலு பக்கமும் இலாஸ்டிக் போட்டால் முட்டை போட இடமில்லை. பழைய பஞ்சில பக்டீரியா மட்டும் வராது தம்பி. அந்தத் தொட்டியில வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அதுவும் கூட வரும்.

நீர் சொல்ற "ஆசைச் சூடு" பற்றி: புதுத் தொட்டியில மீனைக் கொல்றது அந்தச் சூடுதான். மீன் கண்ணாடிக்குக் கிட்ட வந்தால் பசிக்குது எண்டு நினைச்சு நாளைக்கு நாலு தரம் தீனி. தண்ணி கொஞ்சம் மங்கினால் முழுத் தண்ணியையும் ஊத்திப்போட்டுப் புதுசு. பஞ்சை பைப்புக்குக் கீழ வைச்சு வெள்ளையா வரும் வரைக்கும் பிழியிறது. குளோரின் பட்டு, ஒரு மாதமா வளர்ந்த பக்டீரியா அழிஞ்சு போகலாம். ஞாயிறு பின்னேரம் இன்னும் ஆறு மீன். இதெல்லாம் அன்பில செய்யிறதுதான். கவனிக்காமல் விட்ட தொட்டியைவிட அளவு மிஞ்சிக் கவனிச்ச தொட்டிதான் முதல் மாதத்தில கெதியா அழியும்.

கிண்ணியா_நானா

ரெண்டு பேரும் தண்ணியைப் பற்றிப் பேசாமல் நாளைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீங்க.

டவுன் கிணறுகள் கனக்கக் கடினத் தண்ணி, கடற்கரைப் பக்கம் கொஞ்சம் உவர். இப்பிடித் தண்ணியில பிஎச், அதாவது அமில-கார அளவு, கூடவா இருக்கும். அது 7இலிருந்து 8க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவில நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே வேற ஊர்க்காரர் "கொஞ்சம் அமோனியா பரவாயில்லை" எண்டு எழுதினதை நம்பி இஞ்ச மீன் விடக் கூடாது. அதே கிணத்தில ஒரு நன்மையும் இருக்கு. உப்பில உள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுளால உள்ள போறதைத் தடுக்கும். பைப் தண்ணி எண்டால் லீட்டருக்கு அரைக் கிராம் உப்பு, 45 லீட்டருக்கு 22 கிராம் அளவில, கரைச்சு ஊத்தலாம். பைப் தண்ணியை முதல் ஒரு நாள் வாய் அகலமான பேசினில திறந்து வைச்சு, காற்றுப் பம்பும் விட்டால் குளோரின் போயிடும். நியோன் டெட்ரா மாதிரி மென்தண்ணி மீன்களுக்குக் கிணத்துத் தண்ணி சரிவராது. கப்பி, மொலி, பிளட்டி மூண்டும் அதில நல்லா நிக்கும்.

மணல் ஆத்து மணலா இருக்கட்டும். கலங்கல் போகும் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு தரம் கழுவோணும். கடற்கரை மணலில சிப்பித் தூள் கலந்திருக்கும், பிஎச் இன்னும் ஏறும். சந்தேகம் எண்டால் ஒரு பிடி மணலில வினாகிரி விட்டுப் பாருங்க, நுரைச்சால் வேணாம். அழகுக்கு எண்டு கடலுக்குள்ள இருக்கிற புறாமலைத் தீவில இருந்து பவளத் துண்டு கொண்டு வாறது சட்டப்படியே குற்றம், அது 2003இல இருந்து தேசியப் பூங்கா.

தொட்டியைக் கடையில ஒட்டுவிச்சால், எந்த சிலிக்கோன் எண்டு கேளுங்க. பாத்ரூமுக்குப் பூசுற பூஞ்சண எதிர்ப்பு வகை மீனுக்கு நஞ்சு. ஒட்டி ஒரு கிழமை காய விட்டு, வினாகிரி மணம் முழுக்கப் போன பிறகுதான் தண்ணி. அப்ப சனிக்கிழமை மீன் எண்ட பேச்சே இல்லை.

டச்சுப்பே_நிழல்

ஒட்டின தொட்டி எண்டால் சரி நானா, ஒரு கிழமை ஒத்துக்கொள்றேன். காய்ஞ்ச ரெடிமேட் தொட்டிக்கு அந்தக் கதை பொருந்தாது.

தம்பலகாமத்தாள்

நீங்க எல்லாரும் உற்சாகமான ஆளை மனசில வைச்சுக் கணக்குப் போடுறீங்க. நான் கேக்கிறது, வேலையால களைச்சு வந்து ஒண்டிலையும் மனம் நிக்காத செவ்வாய்க்கிழமைக்கு இந்தத் தொட்டி தாங்குமோ எண்டுதான்.

மனம் இறங்கின நாளில ஒரு ஆளால செய்யக்கூடியது ஒரு வாளி. 45 லீட்டரில கால்வாசி 11 லீட்டர், அதுவும் ஒரு வாளிதான். அதால இந்த அளவுத் தொட்டி சரி, மூண்டடித் தொட்டி கூடாது. தண்ணிக் குழாயிலிருந்து தொட்டி பத்தடிக்கு மேல தள்ளி இருந்தால் ரெண்டாம் மாதமே வாளி நிண்டு போகும். ஆறு கப்பி, அதில ஒண்டும் பெண் இல்லாமல். லைட்டுக்கு டைமர் போட்டு 7 மணித்தியாலம். யன்னல் வெயில் படுற இடம் வேணாம், பாசி கண்ணாடியை மூடினால் பார்க்கிற ஆசையும் போகும். கொஞ்சம் வேலம்பாசி எண்ட தண்ணிச் செடி போட்டால் அது நைத்திரேற்றை உறிஞ்சி, நீங்க தவற விட்ட ஒரு கிழமையைச் சமாளிக்கும். அதைப் போட முதல் வேற வாளியில ஒரு கிழமை ஊற வைச்சுப் பாருங்க, நத்தை முட்டை ஒட்டிக்கொண்டு வரும். நத்தை வந்தாலும் பயப்பட ஒண்டும் இல்லை. அது பெருகுதெண்டால் தீனி கூடிப்போச்சு.

டச்சுப்பே_நிழல்

ஏன் அக்கா பெண் மீனுக்குத் தடை?

தம்பலகாமத்தாள்

ஒரு பெண் கப்பி கடையிலேயே சேர்ந்திருக்கும். ஆண் விந்தை மாதக்கணக்கில உள்ள சேமிச்சு வைக்கும். தனியக் கொண்டு வந்தாலும் நாலு கிழமைக்கு ஒருக்கா இருபது, முப்பது குஞ்சு போடும். முதல் தரம் வீடே திருவிழா. மூன்றாம் தரம் குஞ்சை எங்க குடுக்கிறது எண்டு தெரியாமல் குளத்தில விடத் தோணும். தயவுசெய்து தம்பலகாமத்துக் குளத்துப் பக்கம் கொண்டு வராதீங்க. தொட்டியில பாசி தின்ன வாங்கிப் பெருத்த டாங்க் கிளீனர் மீனை இப்பிடி வெளியில விட்டுத்தான், அது இலங்கைக் குளங்களில வலையைக் கிழிக்கிற தொல்லையாகிப் போச்சு.

குளக்கோட்டன்

தங்கச்சி சொல்ற அளவுக் கணக்குச் சரி. ஆனால் ஆறு மீனையும் ஒரே நாளில விடுறதுக்கு நான் உடன்பட மாட்டன். முதல் மூண்டு. அமோனியா, நைத்திரைற்று ரெண்டும் ஒரு கிழமை தொடர்ந்து பூச்சியமாக் காட்டினால் மற்ற மூண்டு.

கிண்ணியா_நானா

சூடான கச்சான் காத்துக் காலத்தை மறந்திடாதீங்க. தண்ணி 25 பாகையில லீட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கொள்ளும், 30 பாகையில 7.6தான். மே தொடக்கம் ஓகஸ்ட் வரைக்கும் பகலில கரண்ட் போனால் மீன் மேல வந்து வாயைப் பிளக்கக்கூடும். பற்றரியில ஓடுற சின்னக் காற்றுப் பம்பு ஒண்டு வைச்சிருங்க. இல்லாட்டி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா தொட்டித் தண்ணியை மக்கில அள்ளி, ஒரு அடி உயரத்திலிருந்து பத்துத் தரம் திருப்பி ஊத்துங்க. கரண்ட் வரும் வரைக்கும் தீனி வேணாம். வலைக்குப் பதிலாக் கண்ணாடி மூடி போட்டிருந்தால் அதையும் கழட்டுங்க.

டச்சுப்பே_நிழல்

கேள்வி கேட்டவருக்கு: பழைய பஞ்சு கிடைச்சால் என்ட வழி, கிடைக்காட்டி அண்ணையின்ட வழி. பஞ்சு குடுக்கிற ஆளிட்ட, கடைசியா எப்ப மீன் செத்தது எண்டு முதல் கேளுங்க. மூண்டு மாதத்துக்குள்ள எண்டால் பஞ்சை வாங்காதீங்க.

குளக்கோட்டன்

அந்தக் கேள்விக்கு ஆர் உண்மை சொல்லுவினம்? எனக்கு நம்பிக்கை இல்லை. சனிக்கிழமை நெட்டும் இலாஸ்டிக்கும் சேர்த்து வாங்குங்கோ.