வால் முடியை வீட்டிலேயே வெட்டலாமா?

மன்னார்குடிப் பக்கம் இருக்கிறோம். எங்கள் கோல்டன் ரெட்ரீவர் நாய் வாய்க்கால் கரையில் ஓடிவிட்டு வந்தால் வால் முழுக்க நாயுருவியும் சேறும்தான். போன தடவை நானே வெட்டினேன், தேய்ந்த விளக்குமாறு மாதிரி ஆகிவிட்டது. எப்படி வெட்டுவது?

பதில் 1: ஈரத்தோடு வெட்டியிருப்பீர்கள். நன்றாகக் காய்ந்ததும் சிக்கெடுத்து, வால் எலும்பு எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்து, அந்த நுனியை விரல்களால் மூடிப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் முடியை மட்டும் வெட்டுங்கள். முனை மழுங்கிய கத்தரி நல்லது. நுனித்தோல் வெட்டுப்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது, வாலை ஆட்டி ஆட்டிச் சுவரெல்லாம் தெளித்துவிடும்.

பதில் 2: நாயுருவியைப் பிய்த்து இழுக்காதீர்கள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். அப்புறம் வாலை நீட்டிப் பிடித்து, தொங்கும் முடியைக் கீழ்நோக்கிச் சீவி, நுனியில் குட்டையாக வளைத்து வெட்டுங்கள்.

கேட்டவர்: சரிங்க, ஈரத்தோடுதான் வெட்டினேன்!