மிரா விளையும் ஊரில் பள்ளிக்கூடம்: நீங்கள் பார்த்தது என்ன?

பழைய முவாலிமு
கென்யாவில் மேரு மாவட்டம், மாவுவா பக்கம் ஒரு பள்ளியில் இரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக, அவர்கள் மொழியில் முவாலிமுவாக, இருந்தேன். மிரா என்பது தூக்கம் வராமல் கிளர்ச்சி தர மெல்லும் தளிர்த்தண்டு, இலையோடு மரத்திலிருந்து பறிப்பார்கள். ஃபாரம் 3-ல் (நம் பதினோராம் வகுப்பு மாதிரி) ஒரு பையன், நான் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். மூன்றாவது வாரம் சந்தையில் பார்த்தேன், மிராக் கட்டு கட்டிக்கொண்டிருந்தான். மதுரையில் பூக்கட்டுகிறவர்கள் மாதிரி விரல் ஓடுகிறது. சிவந்த தண்டுகள் ஒரு பிடி, வாழைநாரில் ஒரு சுற்று, வாழை இலையில் ஒரு மடிப்பு. என்னைக் கண்டதும் வகுப்பில் நிற்பது போலவே எழுந்து நின்றான். கையிலிருந்த கட்டை மட்டும் கீழே வைக்கவில்லை, நைரோபி வண்டி கிளம்பப் போகிறது. "ஃபீஸ் கட்டியாச்சு, முவாலிமு" என்று ரசீதை நீட்டினான். அதில் இருந்தது அவன் பெயர் இல்லை, போர்டிங்கில் படிக்கும் தங்கையின் பெயர்.

ஹரார் சாலை
எத்தியோப்பியாவில் இதையே சாட் என்பார்கள். ஹரமாயாவில் பாடம் நடத்தியபோது, அவதாய் சந்தையைத் தாண்டித்தான் ஹரார் போவோம். ராத்திரியிலும் அங்கே வியாபாரம் நடக்கும். பரீட்சைக்கு முந்தைய இரவு விடுதியில் மெல்லுவது சகஜம். ஒரு மாணவன் விடைத்தாளில் முதல் கேள்விக்கே ஆறு பக்கம் எழுதியிருந்தான், முத்து முத்தான கையெழுத்து. மற்ற நான்கு கேள்விகளையும் தொடவே இல்லை. எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டேன். பத்தாம் வகுப்பில், படிக்கத்தான் சார் என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

நைரோபி கணக்கர்
முதலில் எழுதியவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மாவுவாவைச் சுற்றியுள்ள இகெம்பேயில் மிரா படிப்பைக் கெடுக்கிறது என்று சொல்வது சுலபம். பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அதுதான். 2014 ஜூன் 24-ல் பிரிட்டன் மிராவுக்குத் தடை போட்டது. எங்கள் அலுவலகக் காவலாளி அந்த ஊர்க்காரர். அடுத்த மாதமே அவர் மகன் தகரப்பெட்டியோடு எங்கள் கேட்டில் வந்து நின்றான், ஃபீஸ் பாக்கி என்று விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 2020 மார்ச்சில் சோமாலியா இறக்குமதியை நிறுத்தியது, 2022 ஜூலையில்தான் மறுபடி திறந்தது. இரண்டு வருடத்துக்கு மேல். ஒரு பிள்ளையின் உயர்நிலைப் படிப்பில் அது பாதிக்கு மேல்!

நீங்கள் அந்தப் பையனுக்கு என்ன செய்திருக்கலாம் என்றும் சொல்கிறேன். இலை பறித்து 48 மணி நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அதன் வீரியம் போய்விடும். அதனால்தான் அந்த பிக்கப் வண்டிகள் அப்படிப் பறக்கின்றன. சந்தை காத்திருக்காது, பள்ளிதான் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். வண்டி போனபிறகு பையன்கள் சும்மாதான் இருப்பார்கள், அந்த நேரத்தில் மாலை வகுப்பு வைத்திருக்கலாம். ஃபீஸைப் பறிப்புக்குப் பறிப்பு தவணையாக வாங்கச் சொல்லியிருக்கலாம். மழை இல்லாத மாதங்களில் விலை ஏறும், பையன்கள் காணாமல் போவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் புதுப் பாடம் ஆரம்பிக்காமல் பழையதைத் திருப்பியிருக்கலாம். முதலில் அவன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசியிருக்க வேண்டும்.

பழைய முவாலிமு
வீட்டுக்குப் போனேன் ஐயா. அப்பா மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார். தன் தாத்தா வைத்த மரங்களைக் காட்டினார். நுனிக்கிளை பெரியவர்களைத் தாங்காது, பையன்தான் ஏற முடியும் என்றார். தவணையும் எங்கள் பள்ளியில் இருந்தது. தங்கைக்குக் கட்டியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு பேருக்கும் கட்டும் அளவுக்கு அன்றைக்கு அவன் சட்டைப்பையில் பணம் இருந்தது, நான் பார்த்தேன். தனக்கும் கட்டலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.